கவுன்சிலர் இல்லாத ஊரில் குடிமைப் பாடம்!

தமிழ்நாட்டில் 6-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடிமையியல் பாடம் உண்டு. அதில் உள்ளாட்சி பற்றி ஒரு பாடம் வருகிறது. ஊராட்சி என்றால் என்ன, நகராட்சி என்றால் என்ன, ஓட்டுப் போட்டு உறுப்பினரை எப்படித் தேர்ந்து எடுக்கிறார்கள் என்று அது சொல்லுகிறது.

நல்ல பாடம்தான்.

ஆனால், நெய்வேலி நகரியத்தில் இருக்கும் ஒரு பையன் இதைப் படித்துவிட்டு, "அப்பா, நம்ம வார்டு கவுன்சிலர் யாரு?" என்று கேட்டால், அப்பா என்ன சொல்லுவார்?

"நமக்குக் கவுன்சிலர் கிடையாதுப்பா!" என்றுதான் சொல்ல வேண்டும்.

நிலக்கரி நகரம்

நெய்வேலி நகரியம், பழுப்பு நிலக்கரிக்காகவே உண்டானது. நிலக்கரி நிறுவனம் 1956-ம் ஆண்டு தொடங்கியது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். தொழிலாளர் குடும்பங்களுக்கு வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின.

அங்கே ரோடு, குடிதண்ணீர், தெருவிளக்கு, துப்புரவு எல்லாவற்றையும் நிறுவனமே கவனிக்கிறது.

அரசியல் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. ஒரு தொழிற்சாலையே நகர வசதிகளைச் செய்து கொடுத்தால், அந்த இடத்தைத் தொழில் நகரியம் என்று கவர்னர் அறிவிக்கலாம். அங்கே நகராட்சி அமைக்க வேண்டியது இல்லை.

2022 பிப்ரவரி 19-ந்தேதி நகராட்சித் தேர்தல் நடந்தது. பக்கத்தில் உள்ள வடலூர்க்காரர்கள் வரிசையில் நின்று கவுன்சிலரைத் தேர்ந்து எடுத்தார்கள். நகரியத்துக்காரர்களுக்கு அந்த வேலை இல்லை!

வேறு ஓட்டு உண்டு

ஓட்டே இல்லையா? உண்டு. 2011 முதல் நெய்வேலி என்றே ஒரு சட்டசபைத் தொகுதி இருக்கிறது. பார்லிமெண்டுக்குக் கடலூர் தொகுதி. அங்கீகாரம் எந்தத் தொழிற்சங்கத்துக்கு என்பதற்கும் தொழிலாளர்கள் ரகசிய ஓட்டுப் போடுகிறார்கள். பையனின் அப்பா சங்கத்துக்குப் போடும் ஓட்டும் மக்களாட்சிதான். ஆனால், உள்ளாட்சிப் பாடத்தில் அதைத் தேடினால் கிடைக்காது.

பயிற்சி எங்கே?

முன்பு இந்தப் பாடத்துக்குக் "குடிமைப் பயிற்சி" என்று பெயர். இப்போது "குடிமையியல்". பெயரில் இருந்த பயிற்சி போய்விட்டது!

கிராமசபை எந்த நாட்களில் கூடும் என்று பரீட்சையில் கேட்கிறார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று பிள்ளைகள் எழுதி மார்க் வாங்குகிறார்கள். (2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்துவிட்டன.) சபையில் எழுந்து நின்று எப்படிப் பேசுவது? அதற்கு மார்க் இல்லை.

நெய்வேலிப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு வழி இருக்கிறது. நிலக்கரி நிறுவனம் மத்திய அரசு நிறுவனம். ஆகவே, 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். "எங்கள் தெரு விளக்குகளைப் பழுது பார்க்க இந்த ஆண்டு எவ்வளவு செலவு ஆயிற்று?" என்று கேட்கலாம். வீட்டில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து மனு எழுதலாம். வெள்ளைத் தாள் போதும். கட்டணம் 10 ரூபாய். பொதுத் தகவல் அதிகாரி 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.