பைக்குள் மடங்கும் கத்தி, விரல்மேல் மடங்கலாமா?

2003 ஏப்ரல் 26. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ப்ளூஜான் பள்ளத்தாக்கில் தனியாக இறங்கிய ஆரன் ரால்ஸ்டனின் வலது கை பாறையிடுக்கில் சிக்கிக்கொண்டது. ஐந்து நாள் தவித்தவர், கடைசியில் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டுதான் உயிர் தப்பினார். அவரிடம் இருந்ததோ மலிவான பல்பயன் கருவி. அதன் அலகும் மழுங்கிப்போயிருந்தது.

எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. மலையேறுபவர் கத்தியை எடுப்பது கயிறு அறுக்க, வெங்காயம் நறுக்க, அடுப்புக்குச் சுள்ளி சீவ. இதற்கு 7 முதல் 9 சென்டிமீட்டர் அலகு தாராளம். பார்க்க வேண்டியது பூட்டு.

பூட்டில்லாத மடக்குக் கத்தியின் முனையால் மரத்தைக் குத்தித் துளைத்துப் பாருங்கள். சற்றே சறுக்கினால் போதும், அலகு பின்னால் மடங்கி விரல்களில் இறங்கிவிடும். பிரான்ஸின் சவோய் மலைநாட்டில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய கத்திக்கும் முதலில் பூட்டு கிடையாது. 1955இல்தான் அலகின் அடியில் சுழலும் உலோக வளையம் வந்தது. அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால், கத்தி அசையாது. எட்டாம் எண் ஒப்பினெலின் அலகு 8.5 சென்டிமீட்டர், எடை ஐம்பது கிராம்கூட வராது. ஒரு குறை உண்டு: மழையில் நனைந்தால் மரப்பிடி உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். சவோய்க்காரர்கள் பிடியின் நுனியை மேசையில் ஒரு தட்டு தட்டுவார்கள், அலகு தலைகாட்டும்.

சுவிஸ் ராணுவத்துக்கு இபாக் ஊரின் கார்ல் எல்செனர் 1891இல் கத்தி கொடுக்கத் தொடங்கினார். டப்பா திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றவும் உதவிய கத்தி அது. அதே ராணுவம் 2008இல் ஏற்ற புதிய கத்தியில் அலகுக்குப் பூட்டு இருந்தது. கடைகளில் கிடைக்கும் சிவப்பு சுவிஸ் சிறு கத்திகள் பலவற்றில் அது இல்லை. கத்தியில் எத்தனை கருவி என்று எண்ணுமுன் பூட்டு உண்டா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது எஃகு. கார்பன் எஃகை எளிதில் தீட்டலாம், ஆனால் அது ஈரத்தில் துருவேறும். துடைத்து எண்ணெய் தடவியே வைக்க வேண்டும். சாரலும் பனியும் நிறைந்த மலைக்குப் போகிறவர் துருப்பிடிக்காத எஃகையே எடுக்கலாம்.

விமானத்தில் போவதானால், கத்தி கைப்பையில் கூடாது. பதிவு செய்யும் பெட்டிக்குள் வையுங்கள். கிளம்புவதற்கு முதல்நாள் ஒரு தக்காளியை வெட்டிப் பாருங்கள். தோல் நசுங்கினால், அன்றே சாணை பிடித்துவிடுங்கள்.