மார்கழியில் காய்க்கும் தோட்டம்

மார்கழி பிறந்துவிட்டால் அய்யனார் கோவில் பக்கம் விடியற்காலையில் மலைக்காற்று சில்லென்று இறங்கும். ராஜபாளையத்தில் வீட்டுத் தோட்டம் போட்டிருப்பவர்கள் கேட்பதெல்லாம் இதைத்தான்: இந்தக் குளிருக்கு எந்தக் காய் தாங்கும்? டீயை ஆற்றிக்கொண்டே பேசுவோம்.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். இலைக்குள் இருக்கும் தண்ணீரே உறைந்து உருளைக்கிழங்குச் செடி ஒரே இரவில் கருகிவிடும். முட்டைக்கோஸும் கேரட்டும் பெரும்பாலும் தப்பிவிடும். குளிர் ஏற ஏற அவை சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கின்றன. சர்க்கரை கலந்த நீர் சட்டென்று உறையாது. குளிர்காலக் கேரட் இனிப்பதும் அதனால்தான்.

நம் மலையடிவாரத்தில் உறைபனி கிடையாது. இங்கே குளிர் செடியைக் கொல்லாது; எது இப்போது காய்க்கும், எது சுணங்கும் என்பதைத்தான் தீர்மானிக்கும்.

அவரையைப் பாருங்கள். ஆடியில் ஊன்றிய கொடி புரட்டாசிக்குள் பந்தலை மூடிவிடும், பூ மட்டும் எடுக்காது. மலட்டுக் கொடி என்று பிடுங்கிவிடாதீர்கள். பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் நாட்டு அவரை பூக்கும். மொச்சைக்கும் அதே குணம். பொங்கல் குழம்பில் இரண்டும் சேர்வது அந்தப் பருவத்தால்தான்.

பனியோடு அசுவினியும் வரும். கொழுந்திலும் பூக்காம்பிலும் கருகருவென்று அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். பனி ஈரம் காய்வதற்குள் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவினால் இலையில் ஒட்டி நிற்கும். மிகுதியாக அப்பிய கொழுந்தைக் கிள்ளித் தூரப் போட்டுவிடுங்கள்.

முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக்கீரை மூன்றுக்கும் இது நல்ல காலம். வெயிலில் கொத்தமல்லி சீக்கிரமே பூத்துவிடும். குளிரில் தழை நின்று கொடுக்கும். காலிஃபிளவர் வேண்டுமென்றால் சமவெளி ரகமா என்று கேட்டு வாங்குங்கள். மலை ரகம் இங்கே இலைதான் விடும். வெண்டை விதை 20 டிகிரிக்குக் கீழே முளைக்கத் தயங்கும். மாசிக்குத் தள்ளி வையுங்கள்.

குளிரைவிட எனக்குப் பயம் அடைமழைதான். ஐப்பசி, கார்த்திகையில் வேரடியில் தண்ணீர் நின்றால் எந்தச் செடியும் அழுகும். பாத்தியை ஒரு சாண் உயர்த்திப் போடுங்கள்.

தையில் நன்றாகக் காய்த்த அவரைக் கொடியில் நாலு காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, நெற்றாக்கி விதைக்கு எடுத்து வையுங்கள். அடுத்த ஆடிக்கு அதைவிட நம்பகமான விதை வேறில்லை.