ஹைட்ராலிக் ஹோஸ்: கையால் தடவிப் பார்க்காதீர்கள்

போசரி, சாக்கண், தளேகாவ் பகுதித் தொழிற்சாலைகளில் நம் தமிழர் பலர் பணிபுரிகிறார்கள். பிரஸ் ஆனாலும், பிளாஸ்டிக் மோல்டிங் இயந்திரமானாலும், மண் தோண்டும் ஜேசிபி ஆனாலும் அதற்கு வலுவூட்டுவது ஹைட்ராலிக் எண்ணெய். அதைச் சுமக்கும் ஹோஸைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

ரயில் பெட்டிகளுக்கிடையே தொங்கும் பிரேக் ஹோஸைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. ஜேசிபியின் ஹோஸில் எண்ணெயின் அழுத்தம் 200 கிலோவையும் தாண்டும். நாற்பது மடங்கு!

ஹோஸின் உள்ளே ரப்பர் குழாய், நடுவே எஃகுக் கம்பி வலை, வெளியே ரப்பர் உறை. அழுத்தத்தைத் தாங்குவது கம்பி வலைதான். வெளியுறை உரசிக் கிழிந்தால் மழைநீர் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். பிறகு ஹோஸ் வெடிக்க அதிக நாள் ஆகாது.

தண்டவாள ஜல்லியை இறுக்கும் டாம்பிங் இயந்திரங்களிலும் இத்தகைய ஹோஸ்கள் உண்டு. வேலை தொடங்குமுன் சுற்றிவந்து பார்ப்பது ரயில்வேயில் எங்கள் வழக்கம். வெடிப்பு, கொப்புளம், வெளியே தெரியும் கம்பி, ஃபிட்டிங் அருகே எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைக் கவனியுங்கள். ஹோஸின் மேல் அச்சிட்ட எழுத்துவரி நேராக ஓடாமல் சுற்றிக்கொண்டு போனால், ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பழுதான ஹோஸுக்கு டேப் சுற்றிப் பயனில்லை. அதே அளவு, அதே அழுத்தத் தரமுள்ள புதியதை மாட்டுவதே வழி.

கழற்றுமுன் என்ஜினை நிறுத்தினால் மட்டும் போதாது. பக்கெட்டைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தியபின் லீவர்களை அசைத்து, உள்ளே தேங்கிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். அக்குமுலேட்டர் இருந்தால் அதையும் உரிய முறைப்படி காலி செய்யவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள், கை வேண்டாம்.

எண்ணெய் பாய்ந்த இடம் முதலில் எறும்பு கடித்ததுபோலத்தான் இருக்கும், வலிகூடத் தெரியாது. உள்ளே சதை அழுகத் தொடங்கும்; தாமதித்தால் விரலையே எடுக்க நேரலாம். தடுப்பூசி மட்டும் போட்டுக்கொண்டு வீடு திரும்பிவிடாதீர்கள். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குச் சென்று, "அழுத்தத்தோடு எண்ணெய் உள்ளே பாய்ந்துவிட்டது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எண்ணெயின் பெயரையும் எழுதிக் கொண்டுபோங்கள்.

"சின்னக் காயம்தான்" என்று சொல்லி வீட்டுக்கு வந்து படுப்பவரை எழுப்பி அழைத்துப்போக வேண்டியவர்கள் வீட்டிலுள்ளோரே. ஆகவேதான் இதை நம் குடும்பப் பத்திரிகையில் எழுதுகிறேன்.