படியளந்தவர்கள்

தெற்கு ஈராக்கில் உருக் நகரத்தைத் தோண்டியவர்களுக்குக் கண்டு கண்டு அலுத்துப்போன பொருள் ஒன்று உண்டு. வாய் விளிம்பு சரிவாக அமைந்த, சொரசொரப்பான ஒரு மண் கிண்ணம். சக்கரத்தில் வைத்து வனைந்ததல்ல. அச்சில் களிமண்ணைத் திணித்து அவசரமாக எடுத்தது. அழகு என்று சொல்ல அதில் எதுவுமில்லை. ஆனால் கி.மு. 3500-ஐ ஒட்டிய மண்ணடுக்குகளில் எங்கே கைவைத்தாலும் அதன் உடைசல்தான். ரொட்டி சுடும் அச்சு என்பார் சிலர். வேலையாட்களுக்கு உணவுப் பங்கை அளந்து கொடுத்த பாத்திரம் என்பார் பலர். இரண்டாவது கட்சிக்கு வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது. அங்கே வாழ்ந்த சுமேரியரின் ஆதி எழுத்தில் ‘உண்’ என்பதற்கான குறி ஒரு மனிதத் தலை. அதன் வாயருகே இதே வடிவில் ஒரு கிண்ணம்.

‘படியளப்பவன்’ என்றால் நமக்குச் சோறு போடுகிற முதலாளி, சில நேரம் கடவுள். உருக்கில் அந்த இருவரும் ஒரே கூரையின் கீழ், கோயிலில் இருந்தார்கள். ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு அந்த நிலத்தைப் பார்க்க வேண்டும்.

யூப்ரட்டீஸும் டைக்ரிஸும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் சமவெளி அது. கட்டடத்துக்குக் கல் இல்லை, உத்தரத்துக்கு மரம் இல்லை, உருக்குவதற்குத் தாது இல்லை. மழை ஆண்டுக்கு 200 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. மானாவாரிப் பயிரை நினைக்கவே முடியாது. இருப்பவை களிமண், நாணல், நிலக்கீல், ஆற்றுநீர். அந்த ஆற்றுநீரும் வேண்டாத வேளையில் வரும். வடக்கே மலைகளில் பனி உருகி வெள்ளம் இறங்குவது ஏப்ரல், மே மாதங்களில். பார்லி எனும் வாற்கோதுமை அறுப்புக்குத் தயாராக நிற்பதும் அப்போதுதான். விதைக்கும் காலத்திலோ ஆறு மெலிந்து கிடக்கும். ஆகவே கால்வாய் வெட்ட வேண்டும், கரை கட்ட வேண்டும், ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். ஆளுக்குப் படியளக்கத் தானியம் வேண்டும். தானியத்தைக் குவித்துவைத்தால் எவன் எவ்வளவு கொண்டுபோனான் என்று யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படித்தான் கணக்குப்பிள்ளை வரலாற்றுக்குள் நுழைகிறான்.

எழுத்து அவன் கைவேலை. ஆட்டுக்கு ஒன்று, எண்ணெய்க் குடத்துக்கு ஒன்று எனச் சிறு களிமண் காய்களை வைத்து எண்ணும் பழக்கம் மேற்காசியாவில் அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. பிறகு அந்தக் காய்களை ஒரு களிமண் உருண்டைக்குள் போட்டு மூடி, மேலே முத்திரை இட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உடைக்காமல் தெரிய, மூடும் முன் ஒவ்வொரு காயையும் வெளிப்புறத்தில் அழுத்தித் தடம் பதித்தார்கள். தடமே போதுமே, காய் எதற்கு என்று ஒரு நாள் யாருக்கோ உறைத்திருக்கிறது. உருண்டை தட்டையாகிப் பலகையானது. டெனிஸ் ஷ்மாண்ட்-பெஸ்ஸெராட் என்ற ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் இது. எல்லா எழுத்துக்குறியும் காயிலிருந்தே பிறந்தது என்று அவர் நீட்டியதைப் பலர் ஏற்பதில்லை. எண்களைப் பொறுத்தவரை அது பொருந்தவே செய்கிறது.

உருக்கிலிருந்து கிடைத்த ஆதிப் பலகைகளும் துண்டுகளும் சுமார் 5,000. பெரும்பாலானவை வரவு செலவு. மீதி, எழுதப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல்கள். கவிதை ஒன்றுகூட இல்லை, மன்னன் புகழ் இல்லை, பிரார்த்தனை இல்லை. ஒரு பலகையில் 29,086 அளவை பார்லி, 37 மாதம், குஷிம் என்றிருக்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 1.35 லட்சம் லிட்டர், பியர் காய்ச்சுவதற்கானது. குஷிம் ஓர் ஆளா, ஒரு பதவியா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆள் என்றால், உலகில் எழுத்தில் பதிவான மிகப் பழைய பெயர்களில் ஒன்று ஒரு களஞ்சியக் கணக்கனுடையது. எனக்கு இது மிகப் பிடித்த செய்தி.

படம் எப்படிச் சொல்லானது? தமிழில் ‘ஆறு’ என்றால் நதியும் உண்டு, எண்ணும் உண்டு. நதியை வரைந்து அந்த எண்ணைக் குறிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுமேரியர் செய்தது அதைத்தான். ‘தி’ என்றால் அம்பு. ‘தி’ என்றால் உயிர். உயிரை எப்படி வரைவது? அம்பை வரைந்தார்கள். ஒலி பிடிபட்டதும் எதையும் எழுதலாம் என்றாயிற்று. ஈரக் களிமண்ணில் கீறுவதைவிட நாணல் முனையால் அழுத்துவது எளிது. கோடுகள் ஆப்பு வடிவமாயின. ஆப்பெழுத்து என்ற பெயர் அதனால் வந்தது.

சுமேரிய மொழிக்கு உறவு என்று சொல்ல வேறு மொழி எதுவும் உறுதியாகவில்லை. அவர்களின் புகழ்பெற்ற நகரத்தின் பெயர் ஊர். பெயர் நம் காதில் இனிக்கிறது என்பதற்காகச் சொந்தம் கொண்டாடக் கிளம்பினால் மொழியியல் நம்மை வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஊர், உருக், லகாஷ், உம்மா என்று தனித்தனி நகர அரசுகளாக வாய்க்கால் தண்ணீருக்கும் வரப்புக்கும் அடித்துக்கொண்டிருந்தவர்களை கி.மு. 2334 வாக்கில் எழுந்த சார்கோன் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தான். அவன் பேசியது செமிட்டிக் குடும்பத்தைச் சேர்ந்த அக்காடிய மொழி. பிறந்ததும் தாய் அவனை நாணல் கூடையில் வைத்து நிலக்கீல் பூசி ஆற்றில் விட்டாள், நீர் இறைப்பவன் ஒருவன் எடுத்து வளர்த்தான் என்பது பிற்காலக் கதை. கர்ணனை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கதையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவன் கல்வெட்டின் பெருமிதம்: நாள்தோறும் 5,400 பேர் தன் முன்னால் உணவு உண்டார்கள் என்கிறான். பேரரசன் ஆன பிறகும் பெருமை படியளப்பதில்தான்! அவன் மகள் என்ஹெதுஅன்னா ஊர் நகரத்து நிலாக் கடவுளின் தலைமைப் பூசாரி. பெயர் தெரிந்த உலகின் முதல் படைப்பாளி என்று பொதுவாகச் சொல்லப்படுபவள். அவள் பெயரிலுள்ள பாடல்கள் சுமேரிய மொழியில் இருக்கின்றன, தந்தையின் மொழியில் அல்ல. வென்றவன் வீட்டுப் பிள்ளை தோற்றவன் பள்ளியில் படித்திருக்கிறாள்.

மெலுஹா என்ற நாட்டின் கப்பல்கள் தன் துறைமுகத்தில் வந்து நின்றன என்றும் சார்கோன் சொல்லிக்கொள்கிறான். மெலுஹா சிந்துவெளிதான் என்பது இன்று பெரும்பாலோர் கருத்து. ஊர் நகரத்தின் அரச கல்லறைகளில் லியோனார்ட் வூலி கண்டெடுத்த சூதுபவள மணிகளில் சில சிந்துவெளிக் கைவேலை. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அக்காடியர் காலத்து உருளை முத்திரை ஒன்று இருக்கிறது. உரியவன் பெயர் ஷு-இலிஷு, தொழில் மெலுஹா மொழிபெயர்ப்பாளன். அந்த மனிதன் இரண்டு மொழியிலும் எழுதிய ஒரே ஒரு பலகை கிடைத்தால் போதும், சிந்துவெளி எழுத்தைப் பற்றிய பாதி சண்டை ஓய்ந்துவிடும்.

சார்கோனின் அக்காடுப் பேரரசு இரண்டு நூற்றாண்டுகூட நிற்கவில்லை. நீண்ட வறட்சி என்கிறார்கள், மலையிலிருந்து இறங்கிய குட்டியர் என்கிறார்கள். அதன்பின் கி.மு. 2112 வாக்கில் ஊர்-நம்மு தொடங்கிய ஊரின் மூன்றாம் அரசமரபுதான் கணக்குப்பிள்ளையின் பொற்காலம். ஒரு நூறாண்டுக்குச் சற்று அதிகமாக நீடித்த அந்த அரசிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பலகைகள் கிடைத்திருக்கின்றன. ஊர்-நம்முவின் மகன் ஷுல்கி 48 ஆண்டு ஆண்டான். எடைக்கல்லை, அளவையை, கணக்கு முறையை ஒழுங்குபடுத்தினான். கால்நடை வந்தாலும் பதிவு, செத்தாலும் பதிவு. ஆணுக்கு மாதம் 60 லிட்டர் பார்லி, பெண்ணுக்கு 30 என்பது பரவலான படி. லகாஷ் பக்கத்து நெசவுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த 30 லிட்டருக்குத்தான் நூல் நூற்றார்கள். ஊரில் இன்றும் நிற்கும் சிக்குராத் என்ற படிக்கட்டுக் கோபுரத்தைப் பார்த்து வியப்பவர்கள், இந்தக் கூலிப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இத்தனை கணக்கெழுதியவர்களுக்கும் பிடிபடாமல் நழுவியது உப்பு. வடிகால் இல்லாமல் பாய்ச்சிக்கொண்டே போனால் நிலத்தடி நீர் மேலேறும். வெயில் நீரைக் குடித்துவிட்டு உப்பை மண்மேல் விட்டுச்செல்லும். களர் பூத்த வயலில் கோதுமை முதலில் தோற்கும், பார்லி கொஞ்சம் தாங்கும். தோர்கில்ட் ஜேக்கப்சன், ராபர்ட் ஆடம்ஸ் இருவரும் 1958-இல் இந்தப் பலகைகளையே வைத்துக் கணக்குப் போட்டார்கள். கிர்சு நகரத்தில் கி.மு. 2400 வாக்கில் ஹெக்டேருக்கு 2,537 லிட்டராக இருந்த விளைச்சல், கி.மு. 2100-இல் 1,460 ஆகிவிட்டது. கோதுமை மெல்லக் காணாமலே போயிற்று. பலகைகளை இப்படி வாசிப்பது சரியல்ல, தரிசு விடும் முறையை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்று மறுப்பவர்களும் உண்டு. உப்பு ஒன்றே அரசைக் கவிழ்த்தது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அமோரியர் என்ற நாடோடிக் கூட்டத்தாரைத் தடுக்க நீண்ட சுவர் எழுப்பிய அரசு, கடைசி மன்னன் இப்பி-சின் காலத்தில் தலைநகருக்கே தானியம் கிடைக்காமல் திண்டாடியது. கி.மு. 2004-இல் கிழக்கிலிருந்து வந்த ஏலாமியர் ஊர் நகரத்தைச் சூறையாடி அவனைச் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள்.

அதன்பின் சுமேரியர் அரசாண்டதில்லை. தெருவில் அந்த மொழி ஓய்ந்தது, பள்ளியில் ஓயவில்லை. நிப்பூர் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் பேச்சில் புழங்காத மொழியின் சொற்பட்டியல்களை உருப்போட்டு எழுதிய பலகைகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. பாபிலோனின் ஹம்முராபி தன் சட்டங்களைக் கல்லில் அக்காடிய மொழியில் பொறித்தான். எழுத்து சுமேரியர் தந்தது, சட்டத் தொகுப்பு என்ற யோசனையும் சுமார் 300 ஆண்டு முன்பே ஊர்-நம்மு பெயரில் வந்தது. அசீரியாவின் மன்னன் அசுர்பானிபால் சுமேரியம் படிக்கத் தெரிந்தவன் என்று மார்தட்டினான். சிங்கத்தைக் குத்தும் சிற்பத்திலும் அவன் இடுப்பில் எழுதுகோல் செருகியிருக்கிறது. நினிவேயில் அவன் சேர்த்த நூலகம் கி.மு. 612-இல் எதிரிகள் வைத்த தீயில் மாட்டியது. ஏடாக இருந்திருந்தால் சாம்பலாகியிருக்கும். களிமண் சூளையில் வெந்ததுபோல் இறுகிக்கொண்டது.

பாபிலோனியப் பூசாரிகள் கி.மு. முதல் நூற்றாண்டு வரை வானத்தைப் பார்த்து நாட்குறிப்பு எழுதிவந்தார்கள். நிலா எங்கே நின்றது, வியாழன் எந்த ராசியில், ஆற்றில் நீர்மட்டம் எவ்வளவு என்று வரிசையாகப் போகும். அதோடு அந்த மாதம் ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு எவ்வளவு பார்லி என்பதையும் குறித்துவைப்பார்கள். பார்லிக்கு அவர்கள் போட்ட குறி ‘ஷெ’. சுமேரியச் சொல், உருக்கில் ஒரு கதிரின் படமாகத் தொடங்கியது.