பெல்ட்டின் கடைசி முழம்

“சீட் பெல்ட்டைப் பிடிச்சு இழுங்க டீச்சர். வார வரைக்கும் இழுங்க” என்றார், எனக்குப் பழைய கார் பார்த்துக் கொடுக்கக் கூட வந்த அண்ணாச்சி.

பெல்ட்டை நாம் நெஞ்சுக்குக் குறுக்கே போடுகிற அளவுக்குத்தான் இழுக்கிறோம். மிச்சம் கதவோரத் தூணுக்குள், தரைக்குப் பக்கத்தில் உள்ள உருளையில் சுருண்டு கிடக்கிறது. நான் இழுத்தேன். பாதி வரைக்கும் நல்ல கறுப்பு. கடைசி ஒரு முழம் வேறு நிறம், டீ கொட்டிக் காய்ந்த வேட்டி மாதிரி. துணியும் விறைத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், மாவாக உதிர்ந்தது.

“வண்டல். நம்ம ஆத்து மண்ணுதான்” என்று சொல்லிவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளை ஹேட்ச்பேக், 2017 மாடல், மீட்டரில் 41,000. புது சீட் கவர் போட்டு, உள்ளே மல்லிகை சென்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் ஓட்டின வண்டி என்றார் விற்பவர். நம் ஜில்லாவில் எத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பது பழைய கார் பார்க்கப் புறப்பட்டால்தான் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் எல்லாம் தாமிரபரணி ஆற்றோடு சேர்ந்துவிட்டன; கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றியும் தண்ணீர். அதே மாதம் 4-ஆம் தேதிதான் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியிருந்தது. அந்த இரண்டு வெள்ளத்திலும் நின்ற இடத்திலேயே மூழ்கிய கார்கள் எங்கே போயின என்று நான் அதுவரை யோசித்ததில்லை. பழுதுபார்க்கும் செலவு கட்டுபடியாகாது என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ என்று உரியவருக்குப் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். சிலதை உடைத்துப் பாகமாக விற்பார்கள். சிலதைக் கழுவி, காயவைத்து, சென்ட் அடித்து மறுபடி நிறுத்துவார்கள்.

வண்டி ஓடத்தான் செய்யும். தொல்லை மெதுவாகத்தான் வரும். ஒயரிங் கனெக்டர்களுக்குள் புகுந்த ஈரம் செம்பைப் பச்சை பூக்க வைக்கும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து ஒருநாள் ஏர்பேக் விளக்கு எரியும், இன்னொரு நாள் பவர் விண்டோ நிற்கும், அப்புறம் நடுரோட்டில் ஸ்டீயரிங் கனக்கும். எந்த மெக்கானிக்காலும் இதுதான் கோளாறு என்று ஒரு இடத்தில் கை வைக்க முடியாது.

அண்ணாச்சி இன்னும் இரண்டு இடம் காட்டினார். முன்சீட்டைப் பின்னால் தள்ளி, சீட் ஓடுகிற தண்டவாளத்தின் போல்ட்டுகள்; துருப்பிடித்திருந்தன. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் உள்ள பள்ளம். அதன் மூலையில் காய்ந்த சேறு. விற்பவர் எங்களைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பள்ளிக்கூடம் வீரவநல்லூர் பக்கம். மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி என்று போக வர 60 கிலோமீட்டர். வேலை நாள் 220 என்று வைத்தால் வருஷத்துக்கு 13,200. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது புதுக் கார் பேச்சே கிடையாது. மூன்று லட்சத்துக்குள் வேண்டும். அந்த விலையில் குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டிதான் வேண்டும் என்று முதலில் நானும் பிடிவாதமாக இருந்தேன். வெள்ளை வண்டி அந்தப் பிடிவாதத்தைக் கரைத்தது.

மீட்டரில் இருக்கிற எண் நாம் நினைக்கிற அளவுக்குப் பேசுவதில்லை. டிஜிட்டல் மீட்டரை ஒரு சின்னக் கருவியை இணைத்து அரை மணி நேரத்தில் குறைத்துவிடுகிறார்கள். ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் குறையாது. 40,000 ஓடிய வண்டியில் அந்த ரப்பரின் வரிகள் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கக் கூடாது. டிரைவர் சீட்டின் வலது விளிம்பு, நாம் ஏறி இறங்கும்போதெல்லாம் உரசுகிற இடம், அதுவும் பொய் சொல்லாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். காரின் வயதையும் டயரின் வயதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது எத்தனையாவது செட் என்று ஒரு கணக்கு கிடைக்கும். கண்ணாடிகளின் மூலையிலும் கம்பெனி முத்திரையும் வருஷக் குறியும் இருக்கும். ஐந்து கண்ணாடி ஒரு வருஷம், ஒன்று மட்டும் வேறு வருஷம் என்றால் அந்தப் பக்கம் என்னமோ நடந்திருக்கிறது.

மேலப்பாளையம் சந்தையில் என் தாத்தா மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். விற்கிறவன் சொல்கிற வயதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டார். எண்ணெய் தடவிய கொம்பைப் பார்த்தால் சிரிப்பார்.

அடுத்து நாங்கள் பார்த்தது TN 69, தூத்துக்குடி வண்டி. உள்ளே கோயில் மாதிரி சுத்தம். சர்வீஸ் புத்தகம் இருந்தது, பெடலும் சீட்டும் மீட்டரோடு ஒத்துப்போயின. எனக்குப் பிடித்துவிட்டது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்த வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றச் சொன்னார். அடிப்பக்கம் முழுக்கப் புதுசாகக் கறுப்புப் பெயின்ட். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங். பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு இடத்தில் மட்டும் டொப் என்றது. முனையைத் திருப்பி மெல்ல அழுத்தினார். தகரம் பப்படம் மாதிரி உடைந்து, அரை அங்குலம் உள்ளே போனது.

“உப்புக் காத்து டீச்சர். ஓனரு நல்ல மனுசன்தான், வண்டியை ஒழுங்காத்தான் வச்சிருக்காரு. நிப்பாட்டுன இடம் உப்பளத்துப் பக்கம். அதுக்கு அவரு என்ன செய்வாரு?”

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. எவ்வளவு ஓடியது என்ற கேள்விக்கு முன்னால், எங்கே நின்றது, யார் எந்த ரோட்டில் ஓட்டினார் என்று கேட்க வேண்டும். பொதிகையில் கிளம்பிப் புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி மொத்தமே சுமார் 130 கிலோமீட்டர்தான். அதற்குள் காருக்கு எத்தனை வகை வியாதி! காரையார் ஏறி இறங்கும் வண்டிக்குப் பிரேக்கும் கிளட்சும் தேயும், டவுனில் ஆற்றோரம் நின்ற வண்டிக்கு வயிற்றுக்குள் சேறு, கடலோரம் போனால் அடித்தகடு அரிக்கும். டவுனுக்குள்ளேயே பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள்ளேயே அணைந்துவிடும். ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்ச் மிதி. 50,000-தான் என்று அதை ஆசையாக வாங்குகிறோம். ஐந்தாவது கியரில் நிதானமாக ஓடிய ஒன்றரை லட்சம் அதைவிட எவ்வளவோ மேல்.

ஐந்தாவதாகப் பார்த்தது ஒரு மாருதி ரிட்ஸ், 2013, டீசல், 1,68,000 கிலோமீட்டர். உரிமையாளர் மெடிக்கல் ரெப். தென்காசி, அம்பாசமுத்திரம், நாகர்கோவில் என்று அவருடைய லைன். சர்வீஸ் பில்களை அசிடிட்டி மாத்திரை சாம்பிள் வந்த அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். நடுவில் இரண்டு வருஷ பில் இல்லை, கொரோனா சமயம் என்றார். ரிட்ஸ் உற்பத்தி நின்று பல வருஷம் ஆகிறது. ஆனாலும் அதன் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. ஸ்விஃப்ட், டிசையர், டாடா விஸ்டா, புன்டோ என்று ஒரு காலத்தில் பாதி இந்தியா அதில்தான் ஓடியது. அதனால் பாகமும் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த ஆளும் கிடைப்பார். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்ற கெடு இல்லை. ஆயிலைக் காலத்தில் மாற்றாவிட்டால் செயின் தளர்ந்து சலசலக்கும்.

முதல் நாள் ராத்திரியே அண்ணாச்சி போனில் சொல்லிவிட்டார். “நாங்க வந்து பானட்டைத் தொட்டுப் பாக்குத வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதிய.” சூடான இன்ஜின் எல்லாக் குற்றத்தையும் மறைத்துவிடுமாம். காலை ஆறரைக்குப் போனோம். பானட் சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் கொஞ்சம் திணறி, கடகடவென்று பிடித்தது. என்னைச் சைலென்சர் பக்கம் நிறுத்தினார். புகை கறுப்பா, நீலமா, வெள்ளையா என்று சொல்ல வேண்டும். மிதிக்கும்போது லேசாகக் கறுப்பு வருவது பழைய டீசலுக்குச் சகஜம். நீலம் என்றால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்படலாம். எங்களுக்குக் கறுப்பு, அதுவும் ஒரே மூச்சு.

இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து வாயின் மேலேயே கவிழ்த்து வைத்தார். மூடி லேசாக நடுங்கியது, துள்ளி விழவில்லை. துள்ளினால் ‘பேக் கம்ப்ரெஷன்’, அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிந்த காற்று கீழே இறங்குகிறது என்று அர்த்தம். மூடியின் உட்பக்கம் வெண்ணெய் திரண்ட மாதிரி எதுவும் இல்லை. ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித் திரளும்.

பிறகு ரோடு. ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் விட்டு மிதிக்கச் சொன்னார். சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. வண்டி ஏறியது, ஆனால் கிளம்பும்போது ஒரு உதறல் இருந்தது. கே.டி.சி. நகரிலிருந்து கங்கைகொண்டான் வரை நாலுவழிச் சாலையில் 90. ஸ்டீயரிங் நடுங்கவில்லை. திரும்பி வந்து ஒரு காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் அடித்தோம். இடது வட்டத்தில் அமைதி. வலது வட்டத்தில் முன் சக்கரத்திலிருந்து கட், கட், கட்.

“ஆக்சில் ஜாயிண்ட். வரட்டும், கணக்குல எழுதிக்கிடுவோம்.”

எழுதினோம். ஆக்சில் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ் இரண்டு பக்கமும், கிளட்ச் செட், பேட்டரி, பின் டயர் இரண்டு. வலது முன் மட்கார்டில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தது. தட்டினால் சத்தம் மந்தம். ஆனால் அதற்கு உள்ளே இருக்கும் ஏப்ரன் தகடு நேராக இருந்தது, போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட காயம் இல்லை. வெளி அடி மட்டும்தான். கூட்டினால் 41,000 ரூபாய். ரெப் கேட்டது 2,90,000. அந்தக் காகிதத்தை அப்படியே அவரிடம் கொடுத்தேன். சண்டை இல்லை, சத்தம் இல்லை. 2,58,000-க்கு முடிந்தது. நடுவில் ஒரு காப்பி.

பேப்பரில்தான் நம் ஆட்கள் அலட்சியம். பணத்தைக் கொடுத்து, ஃபாரம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களை எனக்கே தெரியும். மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். பல கை மாறியும் ஆர்.சி.யில் பெயர் மாறாத ஒரு கார் விபத்துக்குள்ளானபோது, புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை ரெப்பிடம் சொன்னதும் என்னைவிட அவர்தான் அவசரப்பட்டார். மறுநாளே லீவு போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட வந்தார். பழைய கடன் ஒன்று ஆர்.சி.யில் இன்னும் நீக்கப்படாமல் இருந்தது. கட்டி முடித்துவிட்டார், ஆனால் பேங்கிலிருந்து ஃபாரம் 35 வாங்கவே இல்லை. அதற்கு ஒரு வாரம் காத்திருந்து, அப்புறம்தான் மிச்சப் பணத்தைக் கொடுத்தேன். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்றினேன். அவருடைய 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் எனக்கு வராது. அது காருக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது.

2028-இல் 15 வருஷம் முடியும். அப்போது எஃப்.சி. எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கு மட்டும் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. அதையும் இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.

எழுதாமல் விட்டதும் ஒன்று வந்தது. மூன்றாம் மாதம், பத்தமடை தாண்டி, சாயங்காலம் ஆறு மணிக்கு ஆல்டர்னேட்டர் போய்விட்டது. ஹெட்லைட் சிம்னி விளக்கு மாதிரி மங்கிக்கொண்டே வந்து அணைந்தது. 6,500 ரூபாய். அண்ணாச்சியைக் கேட்டால், “அது என்ன சொல்லிக்கிட்டா போகும்?” என்கிறார்.

இப்போது மீட்டர் 1,79,000-ஐத் தாண்டிவிட்டது. மார்கழிக் குளிரில் காலை ஏழுக்கு ஸ்டார்ட் செய்தால் தெருவுக்கே கேட்கும் அந்தக் கடகட மட்டும் போகவில்லை. எதிர்வீட்டு ஆச்சியிடம் ஒருநாள் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“அது கிடக்கட்டும்ளா. உன் வண்டி சத்தம் கேட்டாத்தான் நான் பாலுக்கு ஏனத்தை எடுத்துட்டு வாரேன். ஞாயித்துக்கிழமைதான் பிந்திருது” என்றார்.