முழங்கால் மீளும் வழி

பந்தாட்டத்தை உயிரெனக் கருதும் ஊர் கொச்சி. மாலை வேளையில் மட்டாஞ்சேரியிலிருந்து கோட்டைக் கொச்சி பரேடு மைதானம் வரை நடந்து பாருங்கள். நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டம் உள்ள இடத்தில் அடியும் உண்டு. ஓடி வந்தவன் சட்டெனத் திரும்புகிறான். பாதம் தரையில் ஊன்றி நிற்க, முழங்கால் மட்டும் முறுகுகிறது. ‘டப்’ என்றோர் ஒலி. சில மணி நேரத்தில் வீக்கம். “ஜவ்வு கிழிந்துவிட்டது” என்று மருத்துவர் சொன்னதும் நம் நண்பர் பலர் கலங்கிவிடுகின்றனர். கலங்க வேண்டா, அவசரமும் வேண்டா.

ஜவ்வு என்று நாம் பொதுவாகச் சொல்வது இரு வேறு பொருள்கள். ஒன்று, மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் நார், ஏ.சி.எல். என்பது இதுவே. கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் இழுத்துப் பிடிப்பது இதன் வேலை. மற்றொன்று மெனிஸ்கஸ், எலும்புகளுக்கு இடையே பிறை வடிவில் கிடக்கும் மெத்தை. முற்றும் அறுந்த நார் தானே ஒட்டுவது அரிது. ஆதலால் தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்காற் சில்லின் கீழிருந்தோ தசைநாண் எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகின்றனர். மெத்தையைக் கூடுமானால் தைப்பர். இயலாதபோது கிழிந்த துணுக்கை மட்டும் வெட்டி எடுப்பர். தைத்துக்கொண்டவர்க்கே பத்தியம் மிகுதி. பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் வரை காலில் முழுப் பாரம் கூடாது. 90 பாகைக்கு மேல் மடக்கலும் கூடாது. சம்மணமிடுதலும் குந்துதலும் இன்னும் பல மாதம் தள்ளி நிற்கும்.

முதல் வாரங்களில் எல்லாரும் கேட்பது, “எப்போது மடக்கலாம்?” என்பதே. கேட்க வேண்டியதோ, “முழுமையாக நீட்ட முடிகிறதா?” என்பது. நீட்ட வராத கால் நொண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துச் சுகமாய்ப் படுக்காதீர்கள். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். மூட்டு வீங்கியிருக்கையில் தொடையின் முன்தசை மூளையின் கட்டளைக்குச் சரியாகப் பணிவதில்லை. நாளுக்குப் பலமுறை அதை இறுக்கி இறுக்கித்தான் எழுப்ப வேண்டும். படி ஏறுகையில் நல்ல கால் முன்னே, இறங்குகையில் அறுவை செய்த கால் முன்னே. மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் செங்குத்தான மரப்படியில் குடியிருப்போர்க்கு இது மிகத் தேவை.

உண்மையான இடர் மூன்றாம் மாதத்தில் வருகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, நடை சீராகிவிட்டது. “குணமாயிற்று” என்று மைதானத்துக்கு ஓடத் தோன்றும். பிடுங்கி நட்ட நாற்று வேர் பிடிக்குமுன் வாடுமன்றோ? பொருத்திய நாரும் அவ்வாறே. புதிய இரத்தக் குழாய்கள் அதனுள் வளரும் வரை, வைத்த நாளில் இருந்ததைவிட அது வலிமை குன்றியிருக்கும். உடல் நன்றாயிருப்பதாகச் சொல்லும் அதே நாளில் நார் மெலிந்து கிடக்கிறது!

2016இல் வெளிவந்த நார்வே ஆய்வு ஒன்று, ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாகக் கண்டது. 25 வயதுக்குட்பட்டு மீண்டும் களமிறங்குவோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்க்கு, அதே காலிலோ மறுகாலிலோ நார் மறுபடி அறுகிறது. நம் வயது அதுதான் என்பதை மறவாதீர்.

கேரள பிளாஸ்டர்ஸ் அணியில் ஆடிய சந்தேஷ் ஜிங்கனைக் கொச்சியில் அறியாதார் யார்? 2019 அக்டோபரில் அவருக்கு இந்த நார் அறுந்தது. அந்தப் பருவம் முழுதும் ஆடவில்லை. 2020 நவம்பர் 20 அன்று கோவாவில் களம் கண்டார்; எதிரணி, அதே பிளாஸ்டர்ஸ்! இடையே கழிந்தவை 13 மாதங்கள். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் சிரியாவுக்கு எதிராக ஆடுகையில் மீண்டும் நார்க்காயம்; அவ்வாண்டு நவம்பரில் மலேசியாவுக்கு எதிராக மீண்டும் நாட்டுக்கு ஆடினார். தொழிலே பந்தாட்டமாக உள்ளவர்க்கே இத்தனை காலம் எனில், தேர்வுக்கும் ஆட்டத்துக்கும் இடையே அல்லாடும் நமக்கு?

நாள்காட்டி மட்டும் போதாது. ஒற்றைக் காலால் தாவும் தொலைவும் தொடைவலிமையும் மறுகாலின் அளவில் 90 விழுக்காடாவது எட்டினவா என்று இயன்முறை மருத்துவரிடம் அளந்து பார்த்தல் வேண்டும்.

இவ்வூரில் எண்ணெய்த் திருமலுக்குப் பஞ்சமில்லை. அன்பால் அழைப்போரும் பலர். அறுவை முடிந்த முதல் வாரங்களில் கெண்டைக்காலை யாரையும் பிடித்துவிட விடாதீர்கள். அங்கே இரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சலுடன் தையல் சிவந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விடுதி நண்பர்கள் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு உடன் வரட்டும்.