மலைமுடியில் ஒரு சிறு வானொலி நிலையம்

வானொலி நிலையம் என்றதும் பலர் மனத்தில் எழுவன வானளாவிய கோபுரமும், இடையறாது இயங்கும் பெரும் பொறிகளுமே. ஆனால், ஒரு நிலையம் முழுவதையும் தோட்பையில் இட்டுச் சுமந்து, மலையேறி, அதன் முடியில் நிறுவிப் பேசிவிட்டு, மாலைக்குள் மடித்துக்கொண்டு இறங்கிவிடுவோரும் உலகில் உளர். இவர்கள் ஊதியம் கருதி இதனைச் செய்பவரல்லர். பரீட்சையில் தேறி, அரசினரிடம் உரிமம் பெற்று, ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு இயங்கும் அமெச்சூர் வானொலியாளர்கள் இவர்கள்.

சிதறிக் கிடந்த இம்முயற்சிகளை ஒழுங்குபடுத்தும் திட்டமொன்று 2002ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதி இங்கிலாந்திலும் வேல்சிலும் தொடங்கியது. 'சம்மிட்ஸ் ஒன் தி எயார்' என்பது அதன் பெயர். பின்னர் அது அல்ப்ஸ் மலைநாடுகளுக்கும் அப்பாலும் பரவிற்று. அதன் விதிகள் எளியவை, ஆயினும் கண்டிப்பானவை. கருவிகள் யாவற்றையும் ஏறுபவரே சுமந்து செல்லவேண்டும். மோட்டார் வண்டியிலிருந்தோ, எண்ணெயால் இயங்கும் மின்பொறியைக் கொண்டோ பேசுதல் ஆகாது. சிகரத்தின் உச்சியிலிருந்து நிலைக்குத்தாக 25 மீற்றருக்குள் நிலையம் அமையவேண்டும். குறைந்தது நான்கு வெவ்வேறு நிலையங்களுடன் தொடர்பு கொண்டால்தான், மலையின் உயரத்துக்கு ஏற்ப 1 முதல் 10 வரையான புள்ளிகள் கிடைக்கும். வீட்டிலிருந்தபடி அம்மெல்லிய குரலைத் தேடிப் பிடிப்போருக்கும் புள்ளிகள் உண்டு.

இத்துணை துன்பப்பட்டு மலையேறுவானேன் என்று கேட்கத் தோன்றும். விடை அலைகளின் இயல்பிலே இருக்கின்றது. இரண்டு மீற்றர் நீளமுள்ள குற்றலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. குன்றும் பூமியின் வளைவும் அவற்றைத் தடுத்துவிடும். பள்ளத்தாக்கில் அடுத்த ஊரையும் எட்டாத கருவி, 2,500 மீற்றர் உயரத்தில் வைக்கப்படுமாயின், அதன் முன் அடிவானம் ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தொலைவுக்கு விரிகின்றது. உயரம் வலிமையின் குறையை நிரப்பிவிடுகின்றது. பல வேளைகளில் இவர்கள் பயன்படுத்துவது வெறும் ஐந்து வாற்று ஆற்றலே. ஒரு சிறு மின்குமிழை எரிப்பதற்கே அது போதுமானது.

இன்னும் தொலைவிலுள்ளோரை எட்டுவதற்குச் சிற்றலைகள் துணைபுரிகின்றன. 20 மீற்றர், 40 மீற்றர் அலைவரிசைகளில் எழும் அலைகள் மேலே அயன மண்டலம் வரை சென்று, அங்கிருந்து வளைந்து மீண்டும் புவிக்கு இறங்குகின்றன. இதற்கு வேண்டிய ஏரியல், அலைநீளத்திற் பாதியளவான ஒரு கம்பியே. மீன்தூண்டிற் கோலைப் போல ஒன்றினுள் ஒன்று அடங்கும் இலேசான கம்பமொன்றை நிறுத்தி, அதன் நுனியிற் கம்பியைக் கட்டி இருபுறமும் சரித்துவிட்டால் நிலையம் ஆயத்தமாகிவிடும். உயரத்தை நாடும் இவ்வேட்கை புதியதன்று. 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி, நியூபவுண்லாந்தின் குன்றொன்றில் நின்ற மார்க்கோனி, பட்டமொன்றினால் ஏரியல் கம்பியை வானில் உயர்த்தியே அத்திலாந்திக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த குறியைக் கேட்டதாக அறிவித்தார்.

சுவிற்சர்லாந்தின் கிழக்கே 2,502 மீற்றர் உயர்ந்து நிற்கும் சென்டிஸ் சிகரத்தை எடுத்துக்கொள்வோம். தெளிந்த நாளில் அங்கிருந்து ஆறு நாடுகளைக் காணலாம். 1,352 மீற்றரிலுள்ள ஷ்வேகால்ப்பிலிருந்து நடந்து ஏறுவோர் ஆயிரத்து நூறு மீற்றருக்கு மேல் உயரவேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட அப்பாதையில், முடிக்கு அண்மையிற் பாறையிற் பதித்த இரும்புக் கயிற்றைப் பற்றியே செல்லவேண்டும். இத்தகைய வழியில் தோட்பையின் ஒவ்வொரு கிராம் எடையும் கணக்கில் வரும். கனத்த பற்றரியா, இன்னொரு போத்தல் தண்ணீரா, மழைக்கு ஒரு மேலங்கியா என்று முன்னரே எண்ணித் துணிதல் வேண்டும்.

ஆனால், குரலை எட்டச் செய்யும் அதே உயரந்தான் இடியையும் அழைக்கின்றது. சென்டிஸ் முடியிலுள்ள ஒலிபரப்புக் கோபுரத்தை ஆண்டுதோறும் ஏறக்குறைய நூறு மின்னல்கள் தாக்குகின்றன. இதனாலேயே 2021ஆம் ஆண்டுக் கோடையில், ஆற்றல் மிக்க லேசர் ஒளியால் மின்னலை வழிநடத்த முடியுமா என்று ஆராய்ந்தோர் அம்மலையைத் தெரிந்தெடுத்தனர். ஏறத்தாழ 50 மீற்றர் தூரத்துக்கு ஒரு மின்னல் அவ்வொளியின் வழியே சென்றதெனப் பதிவாயிற்று. மொட்டைப் பாறையில் கம்பம் நாட்டி, அதன் கம்பியைக் கையருகே வைத்திருப்பவரின் நிலை என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நற்பேறாக, வானொலியே முதல் எச்சரிக்கையையும் தருகின்றது. தொலைவில் மின்னும்போது சிற்றலை வாங்கியில் படபடவென்று இரைச்சல் எழும். 1895ஆம் ஆண்டிலேயே ருஷ்ய அறிஞர் பொப்பொவ் இத்தன்மையைக் கொண்டு புயலை உணரும் கருவியைச் செய்துகாட்டினார். மின்னலைக் கண்டு முப்பது விநாடிக்குள் இடியோசை கேட்குமாயின், மழைமேகம் பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டதென்று பொருள். ஏரியல் சீறுமாயினும், தலைமயிர் குத்திட்டு நிற்குமாயினும் ஒரு நொடியும் தாமதித்தலாகாது.

இங்கேதான் இக்கலையின் உண்மையான சோதனை இருக்கின்றது. மூன்று தொடர்புகள் முடிந்துவிட்டன. நான்காவது நிலையம் மெல்லிதாக அழைக்கின்றது. மேற்கே வானம் கறுக்கின்றது. மூன்று மணி நேர ஏற்றத்தின் பயன் ஒரு நிமிடத்தில் கைகூடும் போலிருக்கின்றது. அனுபவம் மிக்கோர் அந்நிமிடத்தை விட்டுக்கொடுத்துக் கம்பத்தை இறக்கிவிடுகின்றனர்.

மலையில் இடர்ப்பட்டோர், ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஒளியாலோ ஒலியாலோ குறிகாட்டி, ஒரு நிமிடம் பொறுத்து, மீண்டும் தொடங்குவது அல்ப்ஸ் நாடுகளின் பழைய வழக்கம். மறுமொழிக்கு நிமிடத்துக்கு மூன்று குறிகள். கைத்தொலைபேசி எட்டாத சரிவுகளில் ஐந்து வாற்றுக் கருவியும் இவ்வழைப்பை ஏந்திச் செல்லக்கூடும். ஆயினும் உதவி வேண்டி அழைக்கும் நிலைக்கு ஆளாகாமல், உரிய வேளையில் இறங்கிவருவதே மலை ஏறுவோர் முதலிற் கற்கவேண்டிய பாடம். சிகரம் நாளையும் அங்கேயே நிற்கும். நான்காவது நிலையமும் நாளை மீண்டும் அழைக்கும்.